வெளியூர் மைதானங்களில் அயர்லாந்து ரசிகர்கள்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

லாச்சப்பல்காரன்:
2016 யூரோ, ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டி. நான் அப்போது பாரிஸில், லாச்சப்பல் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் இரவு வேலை. கார் து நோர் நிலையம் நடக்கிற தூரம், ஸ்டாட் து பிரான்ஸ் மைதானத்துக்குப் போகிற ரயில் அங்கேதான். ஜூன் 13, அயர்லாந்து ஆட்டம் சுவீடனுடன் 1-1 முடிந்த இரவு. இரண்டு நாளுக்கு முன்னர்தான் மார்செய்யில் ரஷ்யர்களும் இங்கிலாந்துக்காரரும் அடிபட்டதை டிவியில் பார்த்திருந்தோம். முந்தைய வருடம் பாரிஸில் நடந்த நவம்பர் தாக்குதலின் பயமும் ஊரைவிட்டுப் போகவில்லை. தெருமுனையில் அயர்லாந்து ரசிகர்களின் பச்சைச் சட்டைகள் பாடிக்கொண்டு வருவது தெரிந்ததும் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டேன்.

குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள், பத்துப் பேர் இருக்கும். தண்ணீர், பியர். ஒருவன் கைதவறி ஒரு போத்தலை விழுத்திவிட்டான். நாற்பது வயது மதிக்கலாம், பெரிய உடம்பு. அப்படியே முழந்தாளில் இருந்து கண்ணாடியைக் கையாலேயே பொறுக்கத் தொடங்கினான். விரல் வெட்டி இரத்தம். விடுங்கோ என்றேன், கேட்கவில்லை. தும்புத்தடியை வாங்கி உள்ளே கூட்டி, வாசலையும் கூட்டி, உடைந்த போத்தலுக்கும் காசு வைத்தான். வெளியே போகும்போது ஷட்டரைப் பார்த்தான். "மூடுகிற நேரமா? உங்களை மறித்துவிட்டோம், மன்னிக்கவும்" என்றான்.

அது மூடுகிற நேரம் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து வருடமாகப் போகிறது, அந்த மன்னிப்பு இன்னும் எனக்குள் கிடக்கிறது.

பால்டிக் கரை:
2012 யூரோ, போலந்தின் க்டான்ஸ்க். அங்கே படித்துக்கொண்டிருந்தேன், கூடப் படித்தவன் கடைசி நேரத்தில் டிக்கெட் கொடுத்தான். ஸ்பெயினுடன் அயர்லாந்து ஆட்டம். நாலாவது நிமிடத்திலேயே ஸ்பெயினின் டோரஸ் கோல் அடித்துவிட்டார். கடைசியில் 4-0. அந்தத் தோல்வியோடு அயர்லாந்து வெளியே என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றி. அயர்லாந்தின் பஞ்ச காலத்தில் பிள்ளைகளுக்காகத் தானியம் திருடியவனைக் கப்பலேற்றி நாடு கடத்தும் அந்தப் பாட்டை எடுத்தார்கள், உங்களில் பலர் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த வீடியோவில் நான் கேட்டது இல்லை. எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர் பச்சைத் துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்தபடி பாடினார். கை நடுங்குகிறது, இறக்கவில்லை. அவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் இருந்த ஸ்பெயின் ரசிகர்கள் தங்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். தோற்றவனைப் பார்த்து ஜெயித்தவன் வாயடைத்து நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

டப்ளின் நர்ஸ்:
மேலே உள்ளவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை எல்லா அயர்லாந்துக்காரர்களும் பெருமையாக நினைப்பதில்லை. அன்று அயர்லாந்தின் முன்னாள் கேப்டன் ராய் கீன் டிவியிலேயே கோபப்பட்டார்: பாட்டுப் பாடிவிட்டுத் திரும்புவதற்கா போனோம், இந்த மனநிலை மாற வேண்டும் என்று. என் வார்டில் வேலை செய்யும் பாதிப் பேர் அவர் பக்கம்தான். தோற்றாலும் நல்ல பிள்ளைகள் என்ற பெயர் அவர்களுக்கே சுமையாகிவிட்டது. 2016இல் பிரான்ஸின் போர்தோவில் கூரை நசுங்கிய காரின் ஜன்னல் இடுக்கில் அயர்லாந்து ரசிகர்கள் பண நோட்டுகளைச் செருகினார்களே, உலகமே கொண்டாடியது. அந்தக் கூரை தானாகவா நசுங்கியது?

குறை சொல்வதற்காக எழுதவில்லை. பதினொரு வருடமாக இவர்களோடு வாழ்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். 1988இல் ஷ்டுட்கார்ட்டில் ஹூட்டன் தலையால் முட்டிய கோலில் இங்கிலாந்தை ஜெயித்தது, 90இல் ரசிகர்கள் கடன் வாங்கி உலகக் கோப்பை பார்க்க இத்தாலி போனது, இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். வெளியூரில் நம்மை இங்கிலாந்துக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அந்த நல்ல நடத்தையில் பாதி என்று நினைக்கிறேன்.

என் அனுபவம் சின்னது. 2025 நவம்பர், புடாபெஸ்டில் அயர்லாந்தின் ட்ராய் பாரட் மூன்று கோல் அடித்து, அதில் கடைசியை 96ஆவது நிமிடத்தில் அடித்து, ஹங்கேரியை 3-2 என்று ஜெயித்தார்களே, மறுநாள் விமானத்தில் நானும் மகளும். அவள் தூங்கிவிட்டாள், முன்வரிசையில் பாட்டு. கொஞ்சம் மெதுவாக என்று கேட்டேன். நிறுத்தவில்லை. அதே பாட்டை முழு விமானமும் கிசுகிசுவென்று பாடியது. குரல் ஏற்கனவே போயிருந்த ஆண்கள், வெறும் காற்றுச் சத்தம் மட்டும். எனக்குக் கோபம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

ரயில் பிரியன்:
நான் 2016இல் பிரான்ஸின் லீலில் இருந்தேன். ஜூன் 22, 85ஆவது நிமிடத்தில் பிரேடி தலையால் முட்டிய கோலில் அயர்லாந்து இத்தாலியை 1-0 என்று ஜெயித்தது. நான் உள்ளே போகவில்லை, நிலையத்தில் இருந்தேன். பாடியே கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள் என் டீயையும் சேர்த்து வாங்கித் தந்தார்கள். அவ்வளவுதான்.

குடும்பத்தோடு இப்படி ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஆட்டம் முடிந்ததும் ஓடாதீர்கள், அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். நடைமேடையின் நடுவில் நிற்காமல் கடைக்கோடிக்குப் போங்கள், அங்கே பெட்டி காலியாக இருக்கும். டிக்கெட்டில் எந்தப் பகுதி என்று பாருங்கள், எதிரணி ரசிகர்களின் பகுதியில் உட்கார்ந்துகொண்டு உங்கள் அணியின் சட்டையைப் போடாதீர்கள். அயர்லாந்துக்காரரிடம் 'பிரிட்டிஷ்' என்ற சொல்லை எடுக்கவே கூடாது, அது தனி நாடு. ஐக்கிய இராச்சியத்தில் இருக்கும் வட அயர்லாந்து தனி அணி, அவர்களும் பச்சைதான், 2016இல் இரண்டு அணியும் ஆடின, அன்றைய பாரிஸ் மேயர் ஹிதால்கோ பதக்கம் கொடுத்தது இரு தரப்பு ரசிகர்களுக்கும். யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்துப் பேசுங்கள். பிள்ளைகளின் கையில் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள். தண்ணீரை முன்பே வாங்கிவிடுங்கள், மைதானத்துக்குள் விலை அதிகம். இன்னொன்று, டப்ளின் நர்ஸ் அவர்களே, சுமை என்றீர்கள். ஒரு ஊர் நல்ல பெயரைக் காப்பாற்றப் பாடுபடுவதில் என்ன சுமை?

டப்ளின் நர்ஸ்:
அந்தப் பெயருக்காகவே ஒருவன் கோபத்தை விழுங்கினால் சுமைதான் அண்ணா. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அழுதவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

பால்டிக் கரை:
அந்தப் பெரியவர் பெயருக்காகப் பாடவில்லை. கண்ணை மூடியிருந்தார் என்று சொன்னேனே.

லாச்சப்பல்காரன்:
போத்தல் உடைத்த ஆளை மறுபடி பார்த்தீர்களா என்று கேட்டவர்களுக்கு: இல்லை, பிறகு அவனைக் காணவில்லை. இத்தாலி ஆட்டத்தன்று லீலுக்குப் போகிற கூட்டம் காலையிலிருந்தே கார் து நோர் பக்கம் போனது. எனக்கு அன்று வேலை இல்லை, ஆனாலும் கடைக்குப் போய் ஷட்டரை மேலே வரை தூக்கிவிட்டு வாசலில் நின்றேன். எல்லோரும் பச்சைச் சட்டை. விரலில் கட்டுப் போட்ட ஆள் யாராவது வருகிறாரா என்று மத்தியானம் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.