சாதி எதிர்ப்பாளர்களும் பால்புதுமையினரும் (திருநங்கையர், தன்பாலீர்ப்பாளர் முதலானோர்) ஒன்றாக நின்ற அனுபவங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் எழுதுங்கள்

பாலக்கோடு படிப்பகத்திலிருந்து:

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். மறுநாள் தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். 2014-இல் திருநங்கையரை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு வந்ததும் அதே ஏப்ரல் 15-இல்தான். இந்த வருடம் எங்கள் காலனிப் படிப்பகத்தில் இரண்டையும் சேர்த்து நடத்தினோம். வாரச் சந்தையில் கடை கடையாகக் காசு கேட்க வரும் திருநங்கை ஒருவரைப் பேச அழைத்தோம். அவர் மேடைக்குப் போகாமல் ஆயாக்கள் உட்கார்ந்திருந்த பாயில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு ஆயா கேட்டார்: "எங்களுக்கு அந்தக் காலத்துல டீக்கடையில தனி கிளாசு. உனக்கு எப்படி சாமி?" அவர் சொன்னார்: "எனக்கு கிளாசே கிடையாது ஆயா. காசைக் கையில குடுத்து, சீக்கிரம் போம்மான்னுடுவாங்க." அதன் பிறகு மேடைப் பேச்சு நடக்கவே இல்லை. ராத்திரி வரை பாயிலேயே பேச்சு ஓடியது.

இப்படி உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் அக்கா:

சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்டு வரும் பிள்ளைகளுக்கு அடைக்கலம் தருகிற தோழர்களோடு பல வருடமாக இருக்கிறேன். இந்த இரண்டு மாவட்டத்திலும் அது எவ்வளவு பயம் நிறைந்த வேலை என்று சொல்லத் தேவையில்லை. 2012 நவம்பர் 7 அன்று ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து, தருமபுரி பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். 2018 நவம்பரில் ஓசூர்ப் பக்கத்து இளம் தம்பதியைக் கொன்று காவிரியில் வீசினார்கள்.

ஒரு நாள் விடியற்காலை வந்தது இரண்டு பெண்கள். வேறு வேறு சாதி, இருவருமே மேஜர். எங்களில் மூத்த தோழர் ஒருவர், விவசாயி, அறுபதைத் தாண்டியவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்களிடம் வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்: "யார் தேடி வருவாங்க? வண்டி இருக்கா அவங்ககிட்ட? செல்போனை அணைச்சிட்டீங்களா?" வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "என் பொண்ணு யாரைக் கட்டணும்னு நான்தான் முடிவு பண்ணுவேங்கிற அதே ஆளுங்கதாம்மா இங்கயும் வரப் போறாங்க."

அப்படியேதான் நடந்தது. பெண்ணைக் காணவில்லை என்று புகார், சொந்தக்காரர்கள் இரண்டு கார்களில். எங்களுக்குப் பழக்கமான கதை. ஆனால் இந்த முறை கையில் புதிதாக ஒன்று இருந்தது. பெற்றோரின் புகாருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு. தேடப்படுகிறவர்கள் பால்புதுமையினர், மேஜர், சொந்த விருப்பத்தில் வந்தவர்கள் என்று தெரிந்தால், போலீஸ் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் காணாமல்போன புகாரை முடித்துவிட வேண்டும் என்கிறது அது. வழக்கறிஞர் தோழர் அதையும், சாதி மறுப்புத் தம்பதிகளுக்காக 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தந்த சக்தி வாகினி தீர்ப்பையும் ஒன்றாகப் பின் அடித்து நிலையத்தில் கொடுத்தார். அந்தப் பெண்கள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார்கள். பொங்கலுக்குத் தோழருக்குப் போன் செய்வார்கள்.

அப்போதிருந்து எங்களுக்கு வரும் எந்த ஜோடிக்கும் இரண்டு தீர்ப்பையும் சேர்த்தே எடுத்து வைக்கிறோம். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்கிறவர்கள் இந்தப் பிள்ளைகளையும் அந்தக் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரூரிலிருந்து:

சின்ன விஷயம்தான். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய 1871 குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றி எங்கள் பழங்குடிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். அந்தச் சட்டத்தால் போலீசில் கைரேகை வைத்த கதைகளைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சட்டத்திலேயே இன்னொரு பகுதி, வட இந்தியாவில் அரவாணிகளைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்கச் சொன்னது. பெண்ணுடை போட்டுத் தெருவில் ஆடினாலே குற்றம். இதைச் சொன்னபோது ஒரு பையன், "அப்போ அவங்களும் நம்ம கேஸ்தானா சார்?" என்றான். 1992-இல் போலீசும் வனத்துறையும் பழங்குடி மக்கள் மேல் வன்முறை நடத்திய வாச்சாத்தி ஊருக்குப் பக்கத்திலேயே வளர்கிற பிள்ளை அவன். போலீஸ், வனத்துறை என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓசூர் சிப்காட்டிலிருந்து:

நான் ஒப்பந்தத் தொழிலாளி, தன்பாலீர்ப்பாளன். இங்கே வாடகைக்கு அறை கேட்டால் முதலில் "நீங்க என்ன ஆளுங்க?", அடுத்து "கல்யாணம் ஆயிடுச்சா?" இரண்டுக்குமே என் பதில் அவர்களுக்குப் பிடிக்காது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் சைமன் என்கோலி பற்றிப் பேசினேன். கறுப்பினத்தவர், நிறவெறி எதிர்ப்புப் போராளி, தன்பாலீர்ப்பாளர். 1984-இல் கைதாகி, டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் 22 பேரில் ஒருவராக நின்றவர். சிறைக்குள் தன்னைப் பற்றிச் சொன்னபோது கூட இருந்த தோழர்களே சங்கடப்பட்டார்கள், வாதாடினார்கள். கடைசியில் அவரோடு நின்றார்கள். வெளியே, வெள்ளையர்கள் மிகுந்திருந்த ஒருபாலீர்ப்பு அமைப்பு அவரைக் கைவிட்டது. விடுதலையான பிறகு 1990-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பால்புதுமையினரின் முதல் சுயமரியாதைப் பேரணியை (பிரைடு) நடத்தியவர்களில் அவர் முக்கியமானவர். 1996 அரசியலமைப்பில் பாலீர்ப்பின் பேரால் பாகுபாடு கூடாது என்று தென்னாப்பிரிக்கா எழுதியது. உலகத்தில் அதுதான் முதல்.

பேசி முடித்ததும் எங்கள் சங்கத்தின் மூத்த அண்ணன், எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லி, "நம்ம தம்பிக்கு ரூம் இன்னும் அமையல. யார் வீட்டுல மாடி காலியா இருக்கு?" என்று கேட்டார். அடுத்த வாரம் குடிபோய்விட்டேன்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

எல்லாம் படித்தேன். மரியாதையோடு ஒரு கேள்வி. காலனியில் இன்னும் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் நம் கோரிக்கை பின்னுக்குப் போய்விடாதா? முதலில் சாதி, மற்றது அப்புறம் என்று நினைப்பது தப்பா?

தருமபுரியிலிருந்து ஒரு திருநங்கை:

அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானதுதான். என் நிலைமையைச் சொல்கிறேன். நான் காலனியில் பிறந்தவள். வீட்டை விட்டு வந்து, திருநங்கைகள் கூடி வாழும் ஜமாத்தில் சேர்ந்தேன். சாதிச் சான்றிதழ் இல்லாத திருநங்கைகளைத் தமிழ்நாடு அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. என்னிடம் எஸ்.சி. சான்றிதழ் இருக்கிறது. அதைக் காட்டினால் நான் எஸ்.சி. மட்டும்தான், திருநங்கை என்பதற்கு அங்கே இடமில்லை. எந்தப் பாதியை அண்ணா நான் அப்புறம் வைப்பது? அதனால்தான் தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்கிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் எங்களுக்கு ஒரு பங்கு. ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2021-லேயே அரசு வேலையில் 1 சதவீதம் அப்படிக் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் சுடுகாட்டுப் பாதை எனக்கும் வேண்டும். நாங்கள் செத்தால் எங்கே புதைப்பது என்று ஜமாத்தில் ஒவ்வொரு முறையும் தவிக்கிறோம்.

திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு நீங்கள் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் போவதாக இருந்தால் சொல்லுங்கள். உங்கள் மனுவில் கையெழுத்துப் போட எங்கள் ஆட்கள் வருகிறோம். எங்கள் வீட்டுமனைப் பட்டா மனுவில் நீங்களும் போடுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

வர்ற திங்கள் போகிறோம்மா. பஸ் ஸ்டாண்டில் ஒன்பதரைக்கு நிற்போம். மனுவை இரண்டு நகல் எடுத்து வந்துவிடுங்கள், ஒன்றில் சீல் வாங்கி நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.