அகௌஸ்டிக் கிட்டாருக்கு என்ன ஆம்ப்? கொங்குப் பக்கம் வாசிக்கறவங்க அனுபவம்

கோபியிலிருந்து:
ஆம்ப் (கிட்டார் சத்தத்தைக் கூட்டிக் குடுக்கற பெட்டி) எத்தனை வாட்ஸ்ல வாங்கறதுன்னு கேக்கற தம்பிங்ககிட்ட, எங்க வாசிக்கப் போறீங்கன்னுதான் நான் முதல்ல கேப்பேனுங்க. போன வைகாசில சத்தியமங்கலத்துல ஒரு ரிசப்ஷன். கூட வாசிச்ச தம்பி பிக்கப் (கம்பி அதிர்வைக் கரண்ட் சிக்னலா மாத்தறது) வெச்ச அகௌஸ்டிக்கை எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்ல சொருகியிருந்தார். எவ்வளவு கூட்டினாலும் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரியேதான் சத்தம். அந்த மாதிரி ஆம்ப்ல இருக்கற 12 இஞ்ச் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற கீச்சுச் சத்தத்துல சட்டுனு இறங்கிடும். டிஸ்டார்ஷன் போட்டு, அதாவது சத்தத்தை வேணும்னே உடைச்சு, வாசிக்கறப்ப கரகரப்பை அடக்க அதுதான் வேணும். ஆனா அகௌஸ்டிக் கம்பியோட மினுமினுப்பு முக்காவாசி அதுக்கு மேலதானே இருக்குது! அகௌஸ்டிக் ஆம்ப்ல கீச்சுச் சத்தத்துக்குன்னு ட்வீட்டர்ங்கற சின்ன ஸ்பீக்கர் வெக்கறதே அதுக்காகத்தான். ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட்ஸ்: அடிச்சத்தத்துக்கு 6.5 இஞ்ச் வூஃபர், 1 இஞ்ச் ட்வீட்டர், மைக்குக்குத் தனி சேனல். பாடிக்கிட்டே வாசிக்கறவங்களுக்கு வீட்டுக்கும் சின்ன ஹாலுக்கும் தாராளமுங்க.

பொள்ளாச்சியிலிருந்து:
அண்ணன் சொன்னது சரிங்க. ஆனா மண்டபத்துல நம்மளை அழ வெக்கறது ஃபீட்பேக்தான், ஸ்பீக்கர் சத்தம் திரும்பக் கிட்டார்ல ஏறிக் கூவறது. இங்க ஒரு கல்யாணத்துல மானிட்டர் (நம்ம பக்கம் திருப்பி வெச்ச ஸ்பீக்கர்) பக்கம் திரும்புனதும் அஞ்சாவது கம்பி கை படாமயே அதிர ஆரம்பிச்சுது, அப்புறம் ஹூம்னு ஒரே கூவல். அந்தக் கம்பி 110 ஹெர்ட்ஸ். பெரிய கிட்டார்ல பெட்டிக்குள்ள இருக்கற காத்தும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் பக்கந்தான் அதிரும், அதனால அங்கதான் முதல்ல பிடிச்சுக்கும். மைக்செட்காரர் மொத்த வால்யூமையும் குறைக்கப் போனார். வேண்டாமுங்கன்னு சொல்லி, கிட்டாருக்குள்ள சிக்னலைத் தூக்கிக் குடுக்கற ப்ரீஆம்ப்ல, அலையைத் தலைகீழாத் திருப்பற ஃபேஸ் பட்டனைத் தட்டி, ஒரே ஒரு சுருதியை மட்டும் வெட்டற நாட்ச்சை அந்த இடத்துக்குத் திருப்புனேன். நின்னுது. நடு ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடியும் போட்டுட்டா நிம்மதியா வாசிக்கலாம். ஆம்ப் வாங்கறப்ப நாட்சும் ஃபேஸும் இருக்குதான்னு பாருங்க. வாட்ஸ் அப்புறம்.

கோவையிலிருந்து:
மண்டபத்துல மைக்செட் இருந்தா ஆம்ப்பே தேவையில்லீங்க, கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தற ஒரு டிஐ பாக்ஸ் போதும். கேபிள் நீளமா மிக்ஸருக்குப் போனாலும் இரைச்சல் அவ்வளவா ஏறாது. ப்ரீஆம்ப் இல்லாத வெறும் பியசோ பிக்கப்பா (அழுத்தத்துல சிக்னல் தர்ற வகை) இருந்தா 1 மெகாஓமோ அதுக்கு மேலயோ இன்புட் தடை இருக்கற ஆக்டிவ் டிஐயா, அதாவது கரண்ட்டோ பேட்டரியோ வேணுங்கற வகையாப் பாத்து வாங்குங்க. மிக்ஸரோட லைன் இன்புட்ல நேரா சொருகினா அடிச்சத்தம் போய் தகரம் மாதிரி கேக்கும்.

தோட்டத்துல, கோயில் வாசல்ல வாசிக்கறவங்களுக்கு ரோலண்ட் ஏசி-33ங்கற ஆம்ப் நல்லா உதவுமுங்க. 8 ஏஏ பேட்டரில ஓடும், கரண்ட் போனாலும் நிக்காது.

இன்னொண்ணு. ஆம்ப் கரகரங்குது, மாத்தணும்னு ஒரு பையன் வந்தான். கிட்டார்ல இருந்த 9 வோல்ட் பேட்டரியை மாத்துனதும் சரியாப்போச்சு. நிறைய கிட்டார்ல ஜாக்கைச் சொருகினாலே ப்ரீஆம்ப் ஆன் ஆயி பேட்டரி தீர ஆரம்பிச்சுரும். வாசிச்சு முடிச்சதும் ஜாக்கைக் கழட்டி வெச்சிருங்க.