பாலத்து ஓட்டத்தில் 15 கிலோமீட்டர் தாண்டினால் ஆடுசதை இழுத்துக்கொள்கிறது: என்ன செய்யலாம்?

ஜெலுத்தோங்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 38, பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். போன வருடம் பினாங்குப் பாலத்து மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடினேன். 15 வரைக்கும் கால் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பாலத்து ஏற்றத்தில் இடது ஆடுசதை துடிக்க ஆரம்பித்தது. தோலுக்கு அடியில் சதை நெளிவது கண்ணுக்கே தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரே இழுப்பு. பாதம் கீழ்நோக்கி வளைந்து, குதிகால் தரையில் பதியவே இல்லை. நின்று, விட்ட பிறகு மறுபடி ஓடினால் உடனே திரும்பவும் இழுத்தது. கடைசிவரை நடந்துதான் முடித்தேன். கோலாலம்பூரில் டத்தாரான் மெர்டேக்காவில் ஓடியபோதும் இதே கதை.

எனக்குப் புரியாதது என்னவென்றால், கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரத்தில் மாலை நேரம் ஓடும்போது ஒருநாளும் இப்படி வந்ததில்லை. போட்டியில் மட்டும்தான் வருகிறது.

100 பிளஸ் விளையாட்டுப் பானம் குடித்துப் பார்த்தேன், வாழைப்பழம் சாப்பிட்டேன், இளநீர், மெக்னீசியம் மாத்திரை எல்லாம் ஆயிற்று. இந்த வருடக் கடைசியில் முழு மாரத்தான் ஓட ஆசை. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். இதற்கு வழி உண்டா?

பட்டர்வொர்த் அக்கா

தம்பி, வழி இருக்கிறது, மனம் தளராதீர்கள். முதலில் சிலதைச் சொல்லுங்கள். பயிற்சியில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம், போட்டியில் எத்தனை? பயிற்சியில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓடுவீர்கள்? சப்பாத்து மாற்றினீர்களா? எப்போதும் இடது கால்தானா? ஓடி முடித்ததும் கறுப்புச் சட்டையில் உப்பு வெள்ளையாகப் படிகிறதா?

ஜெலுத்தோங்காரன்

பயிற்சியில் ஏறக்குறைய 7 நிமிடம். போட்டியில் கூட்டத்தோடு போகும்போது 6 நிமிடம், சில சமயம் அதற்கும் கீழே. பயிற்சியில் 12 கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை, வேலை முடிந்து வருவதால் நேரம் இல்லை. சப்பாத்து புதிது, பழையதைவிடக் குதிகால் தட்டையாக இருக்கும். பெரும்பாலும் இடது கால்தான். உப்பு நன்றாகவே படியும் அக்கா.

பட்டர்வொர்த் அக்கா

பாதி விடை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 12 கிலோமீட்டருக்குப் பழகிய கால், பழகாத வேகத்தில் 15-ஐத் தாண்டும்போது மாட்டிக்கொள்கிறது. மீதியைப் பிசியோதெரபி படித்தவர்கள் சொல்லட்டும்.

கேஎல் பிசியோ

அக்கா சொன்னது சரி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் நிறைய பேர் உப்பையும் வாழைப்பழத்தையும் மட்டும் நம்பி வருடக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

தண்ணீரும் உப்பும் குறைவதால்தான் தசை பிடிக்கிறது என்பது பழைய விளக்கம். ஆனால் தென்னாப்பிரிக்காவில் நீண்டதூர ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உப்பு அளவிலோ நீர்ச்சத்திலோ பிடிப்புக்குக் காரணம் என்று சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. யோசித்துப் பாருங்கள்: இரத்தம் உடம்பு முழுக்க ஓடுகிறது. உப்புக் குறைவுதான் காரணம் என்றால் ஏன் ஒரே ஒரு ஆடுசதை மட்டும் பிடிக்க வேண்டும்? கையோ கழுத்தோ பிடிப்பதில்லையே.

1997-ல் அங்கிருந்து வந்த விளக்கம் இது. தசையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இரண்டு வகைச் செய்திகள் போகின்றன. தசைக்கு உள்ளே இருந்து வருவது 'சுருங்கு' என்கிறது. தசை எலும்போடு சேரும் நாணிலிருந்து வருவது 'போதும், விடு' என்கிறது. தசை அளவுக்கு மீறிக் களைத்தால் முதல் செய்தி ஓங்குகிறது, இரண்டாவது மங்குகிறது. அப்போது சுருங்கிய சதை விடாது. அதனால்தான் இழுத்து நீட்டினால் விடுகிறது: நீட்டும்போது நாண் இழுபட்டு, 'விடு' என்ற செய்தி மறுபடி வலுக்கிறது. உப்பு மாத்திரை போட்டா அது விட்டது? இல்லையே.

இந்த விளக்கத்தோடு விவாதம் முடிந்துவிடவில்லை. அதிகமாக வியர்த்து, உடம்பில் பல இடங்களில் பிடிப்பு வருகிறவர்களுக்கு உப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உங்களுடையது ஒரே சதை, போட்டி வேகம், பழகாத தூரம். எனக்கு இது களைப்பாகத்தான் தெரிகிறது. அதோடு விடியலுக்கு முன் பாலத்தில் ஓடும்போது காற்றில் ஈரப்பதம் மிக அதிகம், வியர்வை உலராது, உடம்பு சூடேறிச் சீக்கிரம் களைக்கும். குதிகால் தட்டையான சப்பாத்து ஆடுசதைக்குக் கூடுதல் வேலை கொடுக்கும். பாலத்து ஏற்றமும் அப்படியே.

இப்போது ஒரு சோதனை. சுவரில் விரல்நுனியை மட்டும் வைத்து, ஒற்றைக் காலில் நில்லுங்கள். முட்டி நேராக இருக்கட்டும். குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்குங்கள், உயரம் குறைய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். ஒரு காலுக்கு 25 என்பதைத்தான் பொதுவாக அளவாக வைத்துக்கொள்கிறோம். இரண்டு காலையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்

நான் ஓடும்போது மாங்காய் ஊறுகாய்த் தண்ணீர் சின்னப் போத்தலில் வைத்திருப்பேன். இழுக்க ஆரம்பித்ததும் ஒரு வாய் குடித்தால் விட்டுவிடும். யாரும் நம்புவதில்லை.

கேஎல் பிசியோ

அண்ணே, நான் நம்புகிறேன். 2010-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். மின்சாரத்தால் கால் கட்டைவிரல் பக்கத்துச் சதையைப் பிடிக்க வைத்து, வெள்ளரி ஊறுகாய்ச் சாறு கொடுத்தபோது ஏறக்குறைய 85 விநாடியில் விட்டது. வெறும் தண்ணீர் குடித்தபோது 134 விநாடி ஆனது. அதற்குள் சாறு இரத்தத்தில் கலந்திருக்க முடியாது. புளிப்பு வாயிலும் தொண்டையிலும் பட்டதுமே நரம்பு வழியாகத் தசைக்குப் போகும் கட்டளை தணிகிறது என்று கருதுகிறார்கள். ஆய்வு சிறியது, ஆனால் கைவசம் வைத்துக்கொள்வதில் தவறில்லை. பினாங்கில் இருப்பவர்களுக்குச் சௌரஸ்தா சந்தையில் ஜெருக் என்ற பழ ஊறுகாய் கிடைக்கும். சர்க்கரை தூக்கலாக இல்லாமல், காடி வாசம் தூக்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டிப் பயிற்சியில் குடித்துப் பாருங்கள், சிலருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. இது பிடிப்பை விடுவிக்கும், வராமல் தடுக்காது.

செபராங் தாதி

இரண்டு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கால் இழுக்கிறது என்று பயந்து ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிக்காதீர்கள். 2002 போஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்கு உப்பு இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே நீர்த்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள். தலைவலி, வாந்தி, குழப்பம் வந்தால் மேலும் குடிக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.

அடுத்தது, எல்லா இழுப்பும் ஓட்டத்தால் வருவதில்லை. ஒரே கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைவதாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. நடந்தாலே ஆடுசதை வலித்து, நின்றால் விடுகிறது என்றால், முக்கியமாக இனிப்புநீர் உள்ளவர்களும் புகைப்பவர்களும், இரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குத் தண்ணி மாத்திரையோ கொழுப்பு மாத்திரையோ சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

மெக்னீசியம் பற்றி: இரவில் கால் இழுக்கும் வயதானவர்களுக்கே அது பெரிதாகப் பலன் தருவதில்லை என்பதுதான் ஆய்வுகளின் தொகுப்பில் வந்த முடிவு.

ஜெலுத்தோங்காரன்

தாதி அக்கா, வீக்கமோ மாத்திரையோ எதுவும் இல்லை, நன்றி. சோதனை செய்தேன். வலது காலில் 20-ஐத் தாண்டினேன். இடது காலில் 13-லேயே குதிகால் பாதி உயரம்தான் வந்தது, சதை நடுங்கியது. இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. இப்போது என்ன செய்ய வேண்டும்? போட்டியில் வந்தே விட்டால்?

கேஎல் பிசியோ

நல்லது, எங்கே வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலால் ஏறி, ஒற்றைக் காலால் மெதுவாக இறங்குங்கள். மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், குதிகால் படிக்குக் கீழே போகட்டும். பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். முட்டியைக் கொஞ்சம் மடக்கியும் செய்யுங்கள்: ஆழத்தில் இருக்கும் சதைக்கு அது வேலை கொடுக்கும், நீண்ட ஓட்டத்தில் பாரம் பெரிதும் அதன்மேல்தான். சுலபமானதும் முதுகுப்பையில் அரிசிப் பொட்டலம் வைத்துக்கொண்டு செய்யலாம். இடது காலுக்கு ஒரு சுற்று கூடுதல். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், இப்போதே தொடங்குங்கள்.

வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம் கட்டாயம். 12-லிருந்து மெதுவாக ஏற்றி, முழு மாரத்தானுக்கு முன் 28, 30 வரை வர வேண்டும். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் குறையுங்கள். அதில் சில நாள் கடைசி 4, 5 கிலோமீட்டரைப் போட்டி வேகத்தில் ஓடுங்கள். களைத்த கால் அந்த வேகத்துக்குப் பழகுவது அங்கேதான். தட்டைச் சப்பாத்தைச் சிறு ஓட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்குத் தண்ணீர்மலைத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

போட்டியில் முதல் 10 கிலோமீட்டரை, முந்திப் போகிறவர்களைப் பார்க்காமல் உங்கள் வேகத்தில் ஓடுங்கள். சதை துடிக்க ஆரம்பித்தாலே எச்சரிக்கை, அப்போதே நடங்கள். இழுத்துவிட்டால் ஓரமாகப் போய், தடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைப் பின்னால் வைத்து, முட்டியை நேராக்கி, குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். குதிக்காமல், ஆட்டாமல், துடிப்பு அடங்கும் வரை பிடியுங்கள். உட்கார்ந்தால் பாதத்தின் முன்பகுதியை உங்கள் பக்கம் இழுங்கள். விட்டதும் ஒரு நிமிடம் நடந்து, சின்ன அடியாக வைத்துத் தொடங்குங்கள்.

பட்டர்வொர்த் அக்கா

ஞாயிறு காலை யூத் பார்க் பக்கம் நாங்கள் சிலர் மெதுவாக நீண்ட ஓட்டம் ஓடுகிறோம் தம்பி, 7 நிமிட வேகம்தான். ஐந்தரைக்கு வாசலில் நிற்போம். வருகிறீர்களா?

ஜெலுத்தோங்காரன்

வருகிறேன் அக்கா. பழைய சப்பாத்தோடு.