பாரிஸ் மெட்ரோ கேட்ல ரெண்டாவது ஆளுக்குத் திறக்க மாட்டேங்குது, நாளைக்குத்தான் முதல் நாள், உதவி ப்ளீஸ்

கோவை_ஜோடி
வணக்கங்க. நானும் வீட்டுக்காரம்மாவும் இன்னைக்குத்தான் பாரிஸ் வந்து இறங்குனோம், ரூம் கார் து நோர் ஸ்டேஷன் பக்கம். ஈபிள் டவர் லைட்டு பாத்துட்டு வந்துரலாம்னு கிளம்பி, மெஷின்ல ஒரு நவிகோ ஈஸி கார்டு வாங்கி அதுலயே பத்து மெட்ரோ டிக்கெட் ஏத்துனோம். நான் தட்டுனேன், பச்சை, உள்ள போயிட்டேன். கார்டை அவகிட்ட நீட்டி தட்டச் சொன்னா சிவப்பு, எத்தனை தடவை தட்டுனாலும் சிவப்புதான். அந்தப்பக்கம் அவ இந்தப்பக்கம் நான், கவுண்டர்ல ஆள் இல்ல. ஒருத்தர் வேற என் பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்துருங்கன்னு அவளுக்கு சைகை காட்டுறார், வம்பே வேணாம்னு வெளிய வந்து ரூமுக்கே வந்துட்டோம். கார்டு ரிப்பேரா, மீதி டிக்கெட் போச்சா?

அப்படியே நாளைக்கு செவ்வாய் பிளானும் பாத்து சொல்லுங்க. காலைல லூவர் மியூசியம், மதியம் நோத்ர்தாம் சர்ச், சாயந்திரம் ஈபிள் உச்சி. ஈபிள் லிஃப்ட் டிக்கெட் ஆன்லைன்ல காலின்னு காட்டுது. எனக்கு முழங்கால் வலி, அவ சுத்த சைவம்.

பயணப்பித்தன்
கார்டு நல்லாத்தான் இருக்கு ப்ரோ. நவிகோ ஈஸி ஆளுக்கு ஒண்ணு வேணும், எத்தனை டிக்கெட் ஏத்தி வச்சிருந்தாலும் ஒரே பயணத்துல ரெண்டு பேர் அதைத் தட்டிப் போக முடியாது. மீதி ஒன்பதும் கார்டுலயே பத்திரமா இருக்கும், அதை நீங்க வச்சுக்கங்க, அவங்களுக்குத் தனியா ஒரு கார்டு எடுங்க, வெறும் 2 யூரோ, போட்டோ கேக்க மாட்டாங்க. இல்லன்னா அவங்க போன்லயே டிக்கெட் ஏத்திக்கலாம். லண்டன் மாதிரி பேங்க் கார்டை நேரா கேட்ல தட்டுற வேலை இங்க நடக்காது.

அப்புறம் இன்னைக்கு ஒட்டிக்கிட்டுப் போகாம வந்தீங்களே, நல்ல வேளை. உள்ள செக்கிங் ஆளுங்க திடீர்னு நிப்பாங்க, டூரிஸ்ட்டுன்னு சொன்னாலும் அபராதம் அபராதம்தான். டே பாஸ் எடுத்துட்டா இந்தத் தலைவலியே இல்ல.

மியூசியம்_பைத்தியம்
டே பாஸ் எதுக்கு? அதுவும் ஆளுக்கு ஒண்ணுதான், 12 யூரோ சொச்சம். மெட்ரோ ஒரு சவாரி ரெண்டரை யூரோ சொச்சம், அப்ப அஞ்சு தடவை ஏறினாத்தான் கட்டும். இவங்களுக்கு நாலே சவாரி போதும், எப்படின்னு சொல்றேன்.

முதல்ல லூவரை நாளைக்கு மறந்துருங்க, செவ்வாய்க்கிழமை லீவு. புதன்கிழமை ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருக்கும், சாயந்திரமா போங்க. நாளைக்கு அதுக்குப் பதிலா ஓர்சே. 1900-ல ரயில்வே ஸ்டேஷனா கட்டுனது, 1986-ல இருந்து மியூசியம், மோனே, வான்கோ எல்லாம் இங்கதான். என்னைக் கேட்டா முதல் நாளுக்கு லூவரை விட இதுதான் சரி, லூவர்ல நடந்தே உங்க முழங்கால் போயிரும்.

கார் து நோர்ல 4-ம் லைன் ஏறுனா மாறவே வேணாம், நேரா சிதே ஸ்டேஷன், அங்க நோத்ர்தாம். 2019 ஏப்ரல்ல தீப்பிடிச்சது, 2024 டிசம்பர்ல திரும்பத் திறந்தாங்க, உள்ள கல்லெல்லாம் புதுசா வெள்ளை வெளேர்னு இருக்கு. நுழைவு இலவசம், யாராவது வெளிய நின்னு உள்ள போக டிக்கெட் வித்தா வாங்காதீங்க. பாலத்தைத் தாண்டுனா சேன் மிஷேல், அங்க ஆர்.இ.ஆர் (புறநகர் ரயில்) சி லைன்ல ஒரே ஸ்டாப் ஓர்சே, சாயந்திரம் அதே லைன்ல ஷான் து மார்ஸ், அதாவது ஈபிள். திரும்பி ரூமுக்கு ஒண்ணு. மொத்தம் நாலு.

லாச்சப்பல்_அண்ணை
தம்பி, நான் இஞ்ச கனகாலமா இருக்கிறன். சாப்பாட்டுக்கு யோசிக்காதேங்கோ, நீங்கள் நிக்கிற இடத்துக்குப் பின்பக்கம்தான் லாச்சப்பல், முழுக்க எங்கட ஆக்களின்ர கடை. தோசை, இடியப்பம் எல்லாம் கிடைக்கும், மரக்கறிச் சாப்பாடு எண்டு கேட்டு வாங்குங்கோ.

ஈபிளுக்கு லிஃப்ட் டிக்கெட் அங்க கவுண்டரிலயும் விக்கிறவை, ஆனா லைன் நீளம். படியால ரெண்டாம் தட்டுக்கு 674 படி, உங்கட முழங்காலுக்கு அது வேண்டாம். ஏறாட்டிலும் ஒண்டும் குறையாது, செக்கிங் முடிச்சு அடியில போய் நிமிர்ந்து பாக்கக் காசு இல்லை. மே மாதம் இருட்டவே பத்து மணியாகும், இருட்டினாப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் அஞ்சு நிமிசம் மினுங்கும். அதைப் பாத்திட்டு பீர் அக்கைம்ல 6-ம் லைன் பிடிச்சு எத்துவால் ஸ்டேசனில 2-ம் லைனுக்கு மாறி லாச்சப்பல்ல இறங்குங்கோ. வெளிக்கிட்ட உடனே ரயில் ஆத்துக்கு மேல போகும், வலப்பக்க யன்னலால கோபுரம் தெரியும்.

கையெழுத்துப் போடச் சொல்லி பேப்பரோட வாற பிள்ளையளிட்ட நிக்காதேங்கோ, நீங்கள் வாசிக்கேக்க மற்றவ பைக்குள்ள கை விடுவா. கடைக்குள்ள போனா முதல் போன்ஜூர் (வணக்கம்) சொல்லுங்கோ, சொல்லாட்டி முகம் மாறும்.

கோவை_ஜோடி
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். காலைல அவளுக்கு ஒரு கார்டு வாங்கி ரெண்டும் பச்சை, இப்ப சிதேல இறங்கி க்யூவுல நிக்கிறோம், வேகமாத்தான் நகருது. கால் இப்பவே வலிக்குது, ஓர்சேக்குப் படி இறங்காம பஸ்ல போலாமா, இதே டிக்கெட் ஓடுமா?

பயணப்பித்தன்
ஓடாது. மெட்ரோ டிக்கெட் வேற, பஸ்-டிராம் டிக்கெட் வேற, பஸ் டிக்கெட் கொஞ்சம் கம்மி. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் மெஷின்ல ஏத்திக்கங்க, ரெண்டு கார்டுலயும்.