புதுப்பிப்பு: காலிப்பர் மாற்றியபின் பஞ்சாக அமுங்கிய பிரேக் பெடல்

முன் காலிப்பர் (சக்கரத்தின் டிஸ்கைப் பேடால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இரண்டையும் வீட்டிலேயே மாற்றியபின் பெடல் பஞ்சாக அமுங்குகிறது, அரை லிட்டர் பிரேக் ஆயில் விட்டு ப்ளீட் செய்தும் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றப் பார்த்தும்) தீரவில்லை என்று எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது: இடதும் வலதும் மாறிப் பொருந்தியிருந்தன. மாறினாலும் போல்ட்கள் ஒழுங்காகவே உட்காரும், அதுதான் வில்லங்கம். ஆனால் காற்றை வெளியே விடும் சிறு திருகான ப்ளீடர் நிப்பிள் அடியில் போய்விடும். காற்று மேலேயே தங்கும்; எத்தனை முறை மிதித்தாலும் ஆயில்தான் வெளியே வரும்.

நிப்பிள் உச்சியில் இருக்கும்படி பக்கம் மாற்றி மாட்டியாயிற்று. பிரேக் ஹோஸைக் காலிப்பரில் பிணைக்கும் போல்ட்டில், ஹோஸ் முனையின் இருபுறமும் புதுச் செம்பு வாஷர். பழையதையே போட்டால் கசியலாம். பிரேக் ஆயில் டாட் 4 ரகம், சீல் உடைக்காத டப்பா.

ப்ளீட் செய்கையில் பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்) பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு படிந்திருந்தால் அதன் ரப்பர் சீல் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். இப்போது பெடல் கல்லாக நிற்கிறது.