கத்திய கையில புடிச்சாலே ஏழு வருசமா? யாரு சொன்னது?

பெரட்டுக்களம் | இரவு 8.12
ஒருத்தர் வீடியோ போட்டிருக்காரு, நம்ம பக்கத்து குரூப் எல்லாத்துலயும் சுத்துது. "வீட்டுக்கு திருடன் வந்தாலும் கத்திய எடுத்து காட்டாதீங்க, காட்டினாலே ஏழு வருசம், அவன் உங்கள தொடாத வரைக்கும் தற்காப்புன்னு சொல்லவே ஏலாது" இதான் அவர் சொன்னது. இத கேட்டதுல இருந்து எனக்கு வயிறு எரியுது, ஏன்னா எங்க தங்கச்சி புருசன் இப்ப அதே கேஸ்ல தான் கோர்ட்டுக்கு அலையுறான். போன மாசம் ராத்திரி ஒன்றரை மணிக்கு மூணு பேரு தேயிலை தோட்டத்து லயத்துல அவன் காம்பரா (வீடு) கதவ இழுக்குறானுங்க, உள்ள தங்கச்சியும் ரெண்டு புள்ளைங்களும், மச்சான் தேயிலை செடி வெட்டுற கவ்வாத்து கத்திய எடுத்துக்கிட்டு இஸ்தோப்புக்கு (வாசல் திண்ணைக்கு) வந்தான், செருப்பு கூட போடல. கத்திய தூக்கல. கீழ பார்த்து புடிச்சிருந்தான். யாருடான்னு கேட்டான், ஓடிட்டானுங்க. விடிஞ்சதும் அதுல ஒருத்தனே பொலிசுக்கு போயி கத்திய காட்டி மெரட்டினான்னு என்ட்ரி போட்டுட்டான். கதவ இழுத்தவன் வெளியில, கதவ காத்தவன் பிணையில. இதுல இந்த வீடியோக்காரர் வேற ஏழு வருசம்னு ஊர பயமுறுத்துறாரு.

ஹட்டன் வாசி | 8.40
அண்ணே, நான் பதினோரு வருசம் சட்டத்தரணி ஒருத்தருக்கிட்ட கிளார்க்கா இருந்தவன், அதனால சொல்றேன். வீடியோ பாதி பிழை. நம்ம இலங்கை தண்டனைச் சட்டக்கோவை 1883ல வந்தது, அதுல 89ல இருந்து 99 வரைக்கும் தற்காப்பு உரிமை தான். 95ஆம் பிரிவ பாருங்க, அவன் தொடணும்னு இல்ல, ஆபத்து வரும்னு நியாயமான பயம் வந்த உடனேயே உரிமை தொடங்கிடும். ஏழு வருசம்னு அவர் சொல்றது 486, அது குற்றவியல் மெரட்டல். அதுவும் சும்மா மெரட்டினா ரெண்டு வருசம் வரைக்கும், கொல்லுவேன் இல்ல பெருங்காயம் போடுவேன்னு மெரட்டினா தான் ஏழு வருசம் வரைக்கும். வரைக்கும்! எல்லாருக்கும் ஏழு இல்ல.
ஒரே ஒரு கேள்வி, உங்க மச்சான் வாயால என்ன சொன்னாரு?

பெரட்டுக்களம் | 8.47
வாய விடுங்க. கத்தி கீழ இருந்துச்சு.

மலையூரான் கொழும்பு | 9.05
எனக்கு ஒன்னு வெளங்கல. கவ்வாத்து கத்தி தோட்டத்து சாமான் தானே, வேலை முடிஞ்சா ஸ்டோர்ல குடுக்கணும். ராத்திரி ஒன்றரை மணிக்கு அது ஏன் காம்பராவுக்குள்ள இருந்துச்சு? பொலிஸ் முதல்ல கேக்குறது அதத்தான்.

பெரட்டுக்களம் | 9.11
நீ கொழும்புல கடையில ஏசிக்கு கீழ ஒக்காந்துக்கிட்டு ஸ்டோர பத்தி எனக்கு சொல்லித்தர்ற. எங்க டிவிசன்ல கத்தி ஆளுக்கு ஒன்னு, தீட்டுறது அவன், புடி போடுறது அவன், வீட்டுல வைக்கிறது அவன். கவ்வாத்து சீசன்ல ஒரு நாள் மலையில நின்னு பாரு, தீட்டாத கத்தியோட பேர் (ஒரு நாள் சம்பளம்) போட ஏலுமான்னு அப்ப தெரியும். அது ஆயுதம் இல்ல, வேலை சாமான். அதுவும் கீழ இருந்துச்சு.

மலையூரான் கொழும்பு | 9.16
எங்க அம்மா 38 வருசம் கொழுந்து எடுத்தவங்க. எனக்கு மலைய பத்தி நீ சொல்லாத. அது நுனி வளைஞ்ச கத்தி, ஒன்றரை அடி வரும், கீழ புடிச்சாலும் எதுர்ல நிக்கிறவனுக்கு பயம் தான் வரும்.

பெரட்டுக்களம் | 9.18
கதவ இழுக்குறவனுக்கு பயம் வரட்டும், வரணும். அதுக்கு எதுக்கு கேஸ்?

ஊவாக்காரி | 9.33
நான் பதுளை பக்கம், வீட்டுக்காரர் வெளிநாட்டுல. கக்கூசு வெளியில, லைட்டு லயத்து கடைசியில ஒன்னு தான் எரியும். ராத்திரி வெளிய போனா ஒரு கையில டோர்ச், ஒரு கையில கத்தி, பன்னிக்கும் சிறுத்தைக்கும் பயந்து. இது ஏழு வருசம்னா எங்க லயத்து பொம்பளைங்க அத்தன பேரும் உள்ள போகணும். ஹட்டன் தம்பி, என்னைய மாதிரி ஆளு கத்திய கையில வச்சுக்கிட்டு கதவ தொறந்தா குத்தமா இல்லையா, அத நேரா சொல்லுங்க.

ஹட்டன் வாசி | 9.51
அக்கா, கையில வச்சிருக்கிறது மட்டும் மெரட்டல் ஆகாது. பயம் காட்டி ஒருத்தன ஒன்ன செய்ய வைக்கணும், செய்ய விடாம தடுக்கணும், இல்ல சும்மா கலவரப்படுத்தணும்னு எண்ணத்தோட மெரட்டினா தான் 483 வரும். இன்னொன்னு 342, தாக்க முனையறது, அதுக்கு கை அசைவே போதும், இப்ப அடிக்க போறான்னு எதுர்ல இருக்கிறவன் நெனைக்கிற மாதிரி இருந்தா சரி. வெறும் வார்த்த அதுல சேராது, ஆனா கை அசைவுக்கு வார்த்த அர்த்தம் குடுக்கும். அதான் திரும்ப திரும்ப கேக்குறேன், அண்ணன் மச்சான் என்ன சொன்னாரு. தற்காப்புன்னா இதெல்லாம் குத்தமே இல்ல, அது 89. ஆனா 92 இருக்கு, பொலிசுக்கிட்ட போக நேரம் இருந்தா தற்காப்பு உரிமை இல்லன்னு.

ஊவாக்காரி | 9.58
பொலிசு 119க்கு அடிச்சா எடுப்பாங்க தம்பி, எடுக்கலன்னு சொல்லல. மழைக்கு எங்க ரோட்டுல ஜீப் ஏறாது. அவங்க வர்ற வரைக்கும் கதவு தாங்குமா? நேரம் இருக்குன்னு எந்த கடிகாரத்த பாத்து சொல்றது?

பெரட்டுக்களம் | 10.02
அக்கா சரியா கேட்டாங்க. ஹட்டன் வாசி கிட்ட பதில் இருக்காது, அவருக்கு நம்பர் தான் தெரியும். கை அசைவுங்குறாரு, கீழ இருந்த கத்தி எப்படி அசைவு ஆகும்? சொல்லுங்க. கீழ. தரைய பார்த்து. அசையல.

டிரைவர் தம்பி | 10.10
அமெரிக்கால கலிபோர்னியா சட்டம் 417ன்னு ஒன்னு இருக்கு, ஆயுதத்த கோவமா, மெரட்டுற மாதிரி காட்டினா குத்தம், ஆனா தற்காப்பு தவிரன்னு அந்த பிரிவுக்குள்ளயே எழுதி வச்சிருக்கான். நம்ம நாட்டுலயும் அப்படி தான் மச்சான் இருக்கும், பயப்படாதீங்க.

மலையூரான் கொழும்பு | 10.13
இந்தியாவுல மெரட்டலுக்கு 506. அத தான் வீடியோக்காரர் சொல்லியிருப்பாரு.

ஹட்டன் வாசி | 10.21
கலிபோர்னியாவுல இருந்து தலவாக்கலைக்கு சட்டம் வராது. இந்தியாவுல 506 இப்ப நடைமுறையில இல்ல, 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டம், அதுல 351. நாம பேசுறது 486. தயவுசெஞ்சு மூணையும் ஒரே கறியில போட்டு கலக்காதீங்க.

டிரைவர் தம்பி | 10.23
ரொம்ப தெரிஞ்சவரு. கிளார்க்கு தானே நீங்க, நீதவான் இல்லையே.

ஹட்டன் வாசி | 10.25
கிளார்க்குனு தானே சொன்னேன். ஒளிக்கலையே.

பெரட்டுக்களம் | 10.41
எல்லாரும் கேளுங்க, இங்க தான் விசயம் இருக்கு. மச்சான் பொலிசுல தமிழ்ல தான் சொன்னான், கத்தி கையில இருந்துச்சு, கீழ புடிச்சிருந்தேன்னு. எழுதினவரு சிங்களத்துல எழுதினாரு. வாசிச்சு காட்டல. கையெழுத்து போடுன்னாரு, போட்டுட்டான், அவனுக்கு சிங்களம் கடையில சாமான் வாங்குற அளவுக்கு தான் வரும். பின்னாடி லோயர் பார்த்தா 'பிஹிய உஸ்ஸலா'ன்னு இருக்கு. கத்திய ஓங்கின்னு. 1987ல 13ஆவது திருத்தத்துல தமிழும் அரசகரும மொழின்னு எழுதியாச்சு, இன்னைக்கு வரைக்கும் எங்க ஆளு தமிழ்ல சொன்ன ஒரு வார்த்தைய தமிழ்ல எழுத அங்க ஆள் இல்ல. கீழங்குறது உஸ்ஸலா ஆச்சு. அந்த ஒரு வார்த்தைக்கு தான் ஒரு ராத்திரி உள்ள வச்சு அடுத்த நாள் நீதவானுக்கிட்ட கொண்டு போனாங்க, லோயருக்கு காசு, நாலு நாள் பேர் இல்ல, தங்கச்சி தோட எடுத்து அடகு வச்சிருக்கா. அதனால தான் சொல்றேன் கீழ இருந்துச்சு, கீழ இருந்துச்சுன்னு. உங்களுக்கு இது சின்ன விசயம்.

ஊவாக்காரி | 10.46
இத முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே. எங்க ஊருலயும் இப்படித்தான், என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே கையெழுத்து.

பழைய தலவர் | 11.02
நான் அதே டிவிசன் தான், இவ்வளவு நேரம் பேசாம இருந்தேன். மொழி விசயத்துல தம்பி சொல்றது சத்தியம், அதுல நான் கூட நிப்பேன். ஆனா முழுசா சொல்லணும். வந்தவங்க திருட வரல, சீட்டுக்காசு கேக்க வந்தவங்க, குடிச்சிட்டு வந்தது தப்பு. உங்க மச்சான் 'கிட்ட வந்தா கழுத்து இருக்காது'ன்னு கத்தினது எங்க லயம் வரைக்கும் கேட்டுச்சு. அப்பறம் தண்ணி பீலி வரைக்கும் தொரத்திக்கிட்டு போனாரு. அன்னைக்கே தொழிற்சங்கத்துக்கு வந்து சொல்லியிருந்தா ரெண்டு பக்கமும் ஒக்கார வச்சு பேசி முடிச்சிருப்பேன். நீ எங்க வருவ, 2021ல ஆயிரம் ரூபா நாள் சம்பள பிரச்சினை நேரம் சந்தாவ நிப்பாட்டிட்டு போனவன் தானே.

பெரட்டுக்களம் | 11.06
வந்துட்டாரு தலவர். சந்தா கணக்கு கேட்டதுக்கு தான் நிப்பாட்டினேன், இன்னும் கணக்கு வரல. சீட்டுக்காசு கேக்க ராத்திரி ஒன்றரை மணிக்கு மூணு பேரு கதவ இழுப்பானுங்களா? காலைல வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுல வந்து கேக்கட்டும். பீலிக்கு போனது டோர்ச் அடிச்சு பார்க்க, இன்னும் எவனாவது ஒளிஞ்சிருக்கானான்னு.

பழைய தலவர் | 11.09
டோர்ச் அடிக்க கத்தியோட ஓடணுமா? பீலி நாப்பது அடி தள்ளி.

பெரட்டுக்களம் | 11.10
பதினஞ்சு அடி. நீங்க எழும்ப ஏலாத ஆளு, அளந்து பார்த்தீங்களா.

பழைய தலவர் | 11.12
அந்த பீலிய கட்ட வச்சதே நான். நாப்பது.

ஹட்டன் வாசி | 11.30
அண்ணே, கழுத்து இருக்காதுன்னு சொன்னது உண்மைன்னா அது தான் கேஸ், கத்தி மேலயா கீழயாங்குறது அதுக்கு பின்னாடி. ஆனா 'கிட்ட வந்தா'ன்னு சொல்றது கதவ இழுக்குறவன நிப்பாட்ட சொன்ன வார்த்தன்னு உங்க லோயர் வாதாட ஏலும், அது உங்களுக்கு நல்லது. தொரத்தினது தான் சிக்கல். 95லயே இருக்கு, பயம் இருக்குற வரைக்கும் தான் உரிமை இருக்கும், ஓடுறவன் முதுகுல என்ன ஆபத்து? இன்னொன்னும் தெரிஞ்சுக்குங்க, தற்காப்புன்னு சொன்னா அத காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு, சாட்சியக் கட்டளைச் சட்டம் 105. அதனால லோயருக்கிட்ட ஒன்னையும் மறைக்காம சொல்ல சொல்லுங்க. நான் உங்களுக்கு எதிரி இல்ல.

பெரட்டுக்களம் | 11.38
பாருங்க நியாயத்த. கதவ இழுத்தவன் ஒன்னும் காட்ட தேவையில்ல, கதவுக்கு பின்னாடி புள்ளைங்கள வச்சிருந்தவன் நிரூபிக்கணும். இதுக்கு பேர் சட்டம். நீங்க அந்த பக்கத்து லோயருக்கு தான் கிளார்க்கா இருந்தீங்களோ என்னமோ. மச்சான் என்ன சொன்னாங்குறத நான் பேச வரல, பேச மாட்டேன், பயத்துல ஆம்பள ஆயிரம் கத்துவான். நான் கேட்டது ஒன்னு. கீழ புடிச்ச கத்தி காட்டின கத்தியா? அதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.

ஹட்டன் வாசி | 11.41
மூணு தடவ சொல்லிட்டேன்.

பெரட்டுக்களம் | 11.42
சொல்லல.

டிரைவர் தம்பி | 11.50
பேசாம ஒரு துவக்கு லைசன்ஸ் எடுத்து வைங்க மச்சான், பன்னிக்குன்னு சொல்லி. கத்தி பிரச்சினையே வராது.

ஹட்டன் வாசி | 11.55
தம்பி தெரியாம சொல்லாதீங்க. துவக்கு 1916 சுடுகலன் கட்டளைச் சட்டம், வருசா வருசம் புதுப்பிக்கணும், பயிர் பாதுகாப்புக்குன்னு எடுத்தத ஆளுக்கு முன்னாடி நீட்டினா கத்திய விட பத்து மடங்கு பிரச்சினை.

ஊவாக்காரி | 12.03
பயிர் பாதுகாப்புக்கு கேட்டா காணி எங்கன்னு கேப்பாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஏது காணி, லயத்து முன்னாடி நாலு பாத்தி போஞ்சி. இருக்கிறது கத்தி தான்.

மலையூரான் கொழும்பு | காலை 6.20
காலைல பார்த்தா இன்னும் ஓடுது. நான் கேட்டதுக்கும் பதில் வரல, தோட்டத்து கத்தியா சொந்த கத்தியா?

பெரட்டுக்களம் | 6.34
சொந்த கத்தி. இப்ப பொலிசுல சான்றுப்பொருளா கெடக்குது, துரு புடிச்சுக்கிட்டு. கவ்வாத்துக்கு மச்சான் அடுத்தவன் கத்திய எரவல் வாங்கிக்கிட்டு போறான்.

பழைய தலவர் | 6.50
நேத்து ராத்திரி மகன அனுப்பி டேப்ப புடிச்சு அளந்தாச்சு. இஸ்தோப்புல இருந்து பீலிக்கு முப்பத்தெட்டு அடி.

பெரட்டுக்களம் | 6.52
எந்த மூலையில இருந்து அளந்தீங்க? மச்சான் நின்னது படிக்கிட்ட. படியில இருந்து அளங்க. அப்பறம் அந்த வீடியோ போட்டவருக்கு ரெண்டு தடவ எழுதிட்டேன், தொடாத வரைக்கும் தற்காப்பு இல்லன்னு சொன்னத அழிங்கன்னு. பார்த்துட்டாரு, பதில் இல்ல. வழக்கு தவணை வர்ற வாரம், நான் மச்சான் கூட போவேன், கீழ இருந்துச்சுங்குறத தமிழ்லயே எழுத சொல்லுவேன்.