கையெழுத்துப் போட்ட பந்தில் பூஞ்சை, ஜெர்சியில் மை பரவுது: என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை_பையன்
வீடு பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை. ரெண்டு பொருளுக்கு யோசனை வேணுங்க.

ஒண்ணு, சிவப்பு கிரிக்கெட் பந்து. நீல பால்பாயின்ட் பேனா கையெழுத்து. கெட்டியான ஜிப் கவரில் போட்டு, ரெண்டு பாச்சை உருண்டையோட இரும்பு பீரோவில் இருக்கு. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடிச்சதும் தையல் ஓரமா வெள்ளை மாவு மாதிரி படிஞ்சிருக்கு. எழுத்தும் மங்கிப்போச்சு.

இன்னொண்ணு, வெள்ளை பாலியஸ்டர் கால்பந்து ஜெர்சி. கருப்பு மார்க்கர் கையெழுத்து. கண்ணாடி ஃப்ரேம், மேற்குச் சுவர். எழுத்தோட ஓரம் ஊதாவா பரவுது. துணி ஒரு பக்கம் கண்ணாடியோட ஒட்டியிருக்கு.

பந்தை ஸ்பிரிட்டில் துடைக்கலாமா? எழுத்து மேல கலர் இல்லாத நெயில் பாலிஷ் அடிச்சா நிக்கும்னு ஒருத்தர் சொல்றார், சரியா?

தோல்_பந்து
ரெண்டுமே வேண்டாம் தம்பி. பேனா மையும் மார்க்கர் மையும் ஸ்பிரிட்டில் கரையும். பூஞ்சையோட கையெழுத்தும் பஞ்சில் வந்துடும். நெயில் பாலிஷில் இருக்கிற கரைப்பான் அதைவிட மோசம், அடிச்ச நிமிஷமே கோடு கலங்கும். கையில் சானிடைசர் ஈரம் இருக்கும்போதுகூடப் பந்தைத் தொடாதீங்க.

முதல்ல அந்தக் கவரின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. நீலத் தடம் இருக்கா? கவர் பிளாஸ்டிக் வாசம் அடிக்குதா?

கொழிஞ்சாம்பாறை_பையன்
ஆமாங்கண்ணா, லேசா நீலமா இருக்கு. வாசமும் இருக்கு.

தோல்_பந்து
அப்போ மை கவருக்குப் போயிடுச்சு. அது பிவிசி. அதை வளையவைக்கச் சேர்க்கிற எண்ணெய் மாதிரி பொருள் பேனா மையை உறிஞ்சி இழுக்கும். போனது போனதுதான், திரும்ப வராது. மேல பேனாவால் தடவி எழுதினா பொருளோட மதிப்பே போச்சு. மிச்சத்தைக் காப்பாத்துவோம்.

கவரைத் தூக்கிப் போடுங்க. பாச்சை உருண்டையும் வேண்டாம். அது பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு இல்லை. அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கவும் செய்யும்.

பந்தை நிழலான காத்தோட்டமான இடத்தில், பருத்தித் துணி மேல ரெண்டு நாள் வைங்க. வெயிலில் வேண்டாம், தோல் வெடிக்கும், மை இன்னும் வெளுக்கும். நல்லா காய்ஞ்ச பிறகு வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டு, புது மேக்கப் பிரஷ்ஷால் தையல் திசையிலேயே தட்டி விடுங்க. ஈரத்தோட தேய்ச்சா பூஞ்சை நூலுக்குள்ள இறங்கி கறையாயிடும். கையெழுத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாடியே நிறுத்திடுங்க. பிரஷ்ஷை அப்புறம் வேற எதுக்கும் எடுக்காதீங்க.

கிரிக்கெட் பந்தோட சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ., அதாவது விட்டம் 7.2 செ.மீ. வரும். உள்ளளவு 8 செ.மீ. அக்ரிலிக் பெட்டி போதும். பேஸ்பாலுக்குன்னு விக்கிறதும் சரியா உட்காரும். கையெழுத்து எந்தச் சுவரையும் தொடாத மாதிரி அடியில் வளையம் வைங்க.

மீனாட்சிபுரம்_சேகரம்
ஈரப்பதம் பத்தி. தோலிலும் துணியிலும் ஈரப்பதம் 65–70 சதவீதம் தாண்டி நின்னா பூஞ்சை வரும். குறி 45–55. நம்ம பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்தில் சிக்கலே ஊசலாட்டம்தான். ஆனி ஆடியில் ஊறிப்போகும், மார்கழி தையில் கிழக்குக் காத்து அடிச்சா உதடே வெடிக்கும். அதனால வருஷம் பூரா ஒரே அளவு சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சுற மணி) போட்டா தப்பு, பனிக்காலத்தில் தோல் வறண்டு மெருகு கீறும்.

ரப்பர் வளையம் வச்ச 10 லிட்டர் டப்பாவுக்கு மழைக்காலத்தில் 100 கிராம் ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போடுங்க, உள்ள வைக்கிற ஈரப்பத மீட்டர் 45க்குக் கீழே போனா பாதியை எடுத்துடுங்க. ஆரஞ்சு நிறம் பச்சையா மாறுற ஜெல் வாங்குங்க. நீலத்தில் கோபால்ட் இருக்கு, நச்சு. நிறம் மாறினா ஓவனில் 110–120 டிகிரியில் ரெண்டு மணி நேரம், ஆறின பிறகு டப்பாவுக்குள்ள.

மீட்டரைக் கண்ணை மூடி நம்பாதீங்க. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பு, சேறு மாதிரி ஆகிற அளவு தண்ணி. அதையும் மீட்டரையும் டப்பாவில் மூடி ராத்திரி முழுக்க விட்டா 75 காட்டணும். 80 காட்டினா எப்பவும் 5 கழிச்சுப் படிங்க.

பெரியவங்க பீரோவுக்குள்ள சின்ன பல்பு எரிய விடுவாங்க. துணிக்குச் சரி, கையெழுத்துக்கு ஆகாது. மையை வெளுக்க வைக்கிறதே வெளிச்சம்தான்.

ஃப்ரேம்_வேலை
ஜெர்சி. கருப்பு மார்க்கரில் பல சாயம் கலந்திருக்கும். ஈரம் பட்டா ஊதா முன்னாடி ஓடும். பரவினதைத் திருப்ப முடியாது, நிறுத்தலாம்.

ஃப்ரேமைக் கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்க வச்சு, பின் அட்டையைக் கழட்டி, காய்ஞ்ச அறையில் ஒரு நாள் விடுங்க. பெரும்பாலும் துணி தானா விடும். விடலைன்னா கையெழுத்து இல்லாத பக்கத்திலிருந்து, மேலே தூக்காம பின்னோக்கி மடக்கி மெதுவா உரிங்க. ஒட்டினது கையெழுத்து இடமேன்னா கைவைக்காதீங்க, அருங்காட்சியகப் பொருள் பராமரிப்பு தெரிஞ்சவரிடம் அப்படியே கொண்டு போங்க. துவைக்க, இஸ்திரி போட, டிரை கிளீனிங் கொடுக்கக் கூடாது.

மறுபடி மாட்டும்போது கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே 2–3 செ.மீ. இடைவெளிக் கட்டை. அமிலமில்லாத அட்டையில் தையல் ஓரங்களில் மட்டும் பருத்தி நூலால் தளர்வா தையுங்க. குண்டூசி துருப்பிடிக்கும், டபுள் டேப் பசை ஊறும். மேற்குச் சுவர் சாரலில் நனையும், உள்சுவருக்கு மாத்துங்க. ஃப்ரேமின் நாலு மூலையிலும் பின்னால் ரப்பர் குமிழ் ஒட்டினா காத்து போகும். புற ஊதாவைத் தடுக்கிற அக்ரிலிக் கிடைச்சா போடுங்க, ஆனா அது வெளுப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

சிலர் சுவரில் மாட்டாம மடிச்சு வைப்பாங்க. முதுகு நம்பர் ஸ்டிக்கர் ஒண்ணோடொண்ணு ஒட்டும். அட்டைக் குழாயில் டிஷ்யூ காகிதம் வச்சு, அச்சு வெளிப்பக்கம் இருக்க உருட்டுங்க. செய்தித்தாள் வேண்டாம், அதோட மை ஏறும்.

கொழிஞ்சாம்பாறை_பையன்
ரொம்ப நன்றிங்க. பந்தில் எழுத்து இன்னும் மங்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? போனில் படம் எடுத்தா சிவப்பில் நீலம் தெரியவே மாட்டேங்குது.

வாளையாறு_கேமரா
கருப்பு வெள்ளையா மாத்தும்போது சிவப்பு ஃபில்டர் போடுங்க. ஸ்னாப்சீடிலேயே இருக்கு. சிவப்புத் தோல் வெளுப்பாகும், நீல மை சிவப்பு ஒளியை விழுங்கிறதால கருப்பா நிக்கும். கண்ணுக்குத் தெரியாத கோடுகூட வரும்.

ஃபிளாஷ் வேண்டாம், மெருகில் வெள்ளைப் புள்ளி விழும். வடக்கு ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமா வரட்டும், எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. முன்னாடி கருப்புத் துணி தொங்கவிட்டு அதில் ஒரு துளை வழியா எடுத்தா உங்க பிரதிபலிப்பும் போனோட பிரதிபலிப்பும் போயிடும். போனை ஒட்டிக் கொண்டுபோனா பந்து உப்பின மாதிரி வரும். ஒரு அடி தள்ளி ரெண்டு மடங்கு ஜூமில் எடுங்க. கையெழுத்து வளைவில் இருக்கிறதால பந்தைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி மூணு நாலு படம் வேணும்.

பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வெள்ளைக் காகிதமும் சட்டகத்துக்குள்ள இருக்கணும். ஆறு மாசம் கழிச்சு அதே இடம், அதே நேரம். காகிதத்தை வச்சு வெள்ளையைச் சமன் பண்ணிட்டு அப்புறம்தான் எழுத்தை ஒப்பிடணும், இல்லைன்னா மேகமூட்டத்தையெல்லாம் மங்கல்னு நினைச்சுக்குவீங்க.